உம் கொட்டும் மேசை: கேட்கக் கேட்க இனிக்கும் கதையாட்டப் பாட்காஸ்ட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சிறு வயதில் பாட்டியிடம் கதை கேட்டவர்களுக்கு ஒரு சட்டம் தெரிந்திருக்கும்: உம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் பாட்டி கதையை நிறுத்தி, "தூங்கிவிட்டாயா?" என்பார். சரியான இடத்தில் கொட்டினால் கதை வேகம் எடுக்கும். இழுத்துக் கொட்டினால் இன்னும் கொஞ்சம் விளக்குவார். "ஐயோ, அப்புறம்?" என்று பதறினால் அரக்கனுக்குக் கூடுதலாக இரண்டு தலை முளைக்கும். வில்லுப்பாட்டிலும் இதே ஏற்பாடுதான். புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் "ஆமாம்" என்று எடுத்துக்கொடுப்பார். நமக்குத் தோன்றும் கேள்வியை நமக்கு முன்னால் அவரே கேட்டுவிடுவார். அந்த ஆளை எடுத்துவிட்டால் வில்லுப்பாட்டு சொற்பொழிவாகிவிடும்.

ரோல்பிளேயிங் கேம் எனப்படும் ஆட்டத்தை இங்கே கதையாட்டம் என்கிறேன். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அது என்ன செய்யும், என்ன சொல்லும் என்று முடிவெடுப்பார்கள். விளைவு உறுதியில்லாத இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் அமெரிக்காவில் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்திலிருந்து இந்த வகை பரவியது. இப்படி ஆடுவதை ஒலிப்பதிவு செய்து பிறருக்குக் கேட்கக் கொடுக்கும் வழக்கம் 2008இல் வந்த 'அக்விசிஷன்ஸ் இன்கார்ப்பரேட்டட்' போன்ற நிகழ்ச்சிகளோடு அறியப்படத் தொடங்கி, 2014இல் 'தி அட்வென்ச்சர் ஸோன்', 2015இல் 'கிரிட்டிகல் ரோல்' ஆகியவற்றுக்குப் பிறகு பெருகியது.

யாரோ விளையாடுவதை நாம் ஏன் மணிக்கணக்கில் கேட்கிறோம்? சிங்கப்பூரின் தோ பாயோவில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் சாப்பாட்டு மேசையில் நண்பர்களோடு தமிழில் ஆடி, பதிவு செய்து, வெட்டி ஒட்டிப் பழகிய பிறகு என் விடை இதுதான்: பேசுகிறவரின் திறமை நம்மை முதல் பத்து நிமிடம் பிடித்து வைக்கும். அதன் பிறகு நம்மை உட்கார வைப்பது மேசையில் மற்றவர்கள் கேட்கும் விதம். ஒருவர் சொன்னதை இன்னொருவர் பொருட்படுத்துகிறார், நினைவில் வைக்கிறார், அதன்மேல் கட்டுகிறார் என்பது காதில் விழும்போது நாமும் அந்த மேசையில் ஓர் இருக்கை போட்டுக்கொள்கிறோம். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒன்றைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

முதல் படி: யாரை அமர்த்துவது

கதைநடத்துநரையும் சேர்த்து நான்கு பேர் போதும். ஐந்தாவது ஆள் வந்தால் குரல்களைப் பிரித்தறிய கேட்பவர் உழைக்க வேண்டியிருக்கும். ஆறு பேர் என்றால் படம் இல்லாமல் தாங்காது.

நடிக்கத் தெரிந்தவர்களைத் தேடி அலையாதீர்கள். 'கிரிட்டிகல் ரோல்' குழுவினர் தொழில்முறைக் குரல் கலைஞர்கள் என்பது உண்மை. ஆனால் ஒளிபரப்புக்கு வருவதற்கு முன்பே அவர்கள் வீட்டில் ஒன்றாக ஆடிக்கொண்டிருந்த நண்பர்கள். 'தி அட்வென்ச்சர் ஸோன்' தொடங்கியதோ மூன்று சகோதரர்களும் அவர்களுடைய அப்பாவும். அண்ணன் வாயைத் திறக்கும்போதே தம்பிக்கு அவர் எங்கே வருகிறார் என்று தெரிந்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தை எந்தப் பயிற்சி வகுப்பிலும் வாங்க முடியாது.

ஆளைத் தேர்ந்தெடுக்க நான் கையாளும் வழி எளியது. நான்கு பேரையும் ஒரு கோப்பிக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். ஒருவர் தம் கதையைச் சொல்லும்போது மற்ற மூவரையும் கவனியுங்கள். கைப்பேசியைத் திருப்பிப் பார்ப்பவர், "எனக்கும் இப்படித்தான்" என்று உடனே தம் கதைக்குத் தாவுபவர், "பிறகு உன் அம்மா என்ன சொன்னார்?" என்று கேட்பவர் என மூன்று வகை இருப்பார்கள். மூன்றாமவர் எவ்வளவு கூச்ச சுபாவம் உள்ளவராக இருந்தாலும் அவரை விட்டுவிடாதீர்கள்.

எங்கள் மேசையில் அப்படி ஒருவர் தாதியாக (நர்ஸாக) வேலை செய்யும் தோழி. இரவுப் பணி முடித்துத் தூங்கி எழுந்து வருவார், அதிகம் பேசமாட்டார். ஒரு பதிவில் நான் ஒரு படகுக்காரியை அறிமுகப்படுத்தியபோது, அவள் கையில் தழும்பு இருப்பதாகப் போகிற போக்கில் சொல்லியிருந்தேன். எனக்கே மறந்துவிட்டது. இருபது நிமிடம் கழித்து, மற்றவர்கள் சுங்க அதிகாரியை எப்படி ஏமாற்றுவது என்று வாதாடிக்கொண்டிருந்தபோது அவர் மெதுவாகக் கேட்டார்: "அந்தத் தழும்பு கயிறு அறுத்ததா, கைவிலங்கு போட்டதா?" மேசை அமைதியானது. நான் அந்த நொடியில்தான் முடிவெடுத்தேன்: விலங்கு. அதற்குப் பிறகு வந்த ஐந்து அத்தியாயங்களும் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவை.

இதைப் பயிற்சியாகவும் செய்யலாம். பதிவுக்கு முன் அரை மணி நேரம் ஒரு சிறு கட்டுப்பாட்டோடு ஆடுங்கள்: தன் பாத்திரம் செய்வதைச் சொல்லும் முன், முந்தையவர் சொன்னதில் ஏதேனும் ஒன்றைத் தொட்டுத் தொடங்க வேண்டும். "நீ விளக்கை அணைத்ததால் எனக்குத் தைரியம் வந்துவிட்டது, நான் சுவரேறுகிறேன்." மூன்றே அமர்வுகளில் இது கட்டுப்பாடு என்பது மறந்து பழக்கமாகிவிடும்.

இரண்டாம் படி: காதுக்கு ஏற்ற விதிகள்

ஆடுவதற்குச் சுவையான விதிகள் எல்லாம் கேட்பதற்குச் சுவையாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் இருபது முகப் பகடையை உருட்டி, பாத்திரத்தின் திறமைக்குத் தரப்படும் கூடுதல் எண்ணைச் சேர்த்து, இலக்கை எட்டுகிறதா என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு முகத்துக்கும் சரியாக 5 விழுக்காடு வாய்ப்பு. அதனால்தான் 20 விழும்போது மேசையே கூச்சலிடுகிறது. அந்தக் கூச்சல் கேட்பவருக்கும் தொற்றிக்கொள்ளும். இதன் பலவீனம் சண்டைக் காட்சிகளில் தெரியும். முறை வைத்து ஒவ்வொருவராகத் தாக்கி, கணக்குப் போட்டு, மூன்று சுற்று முடிவதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

2010இல் வின்சென்ட் பேக்கர் எழுதிய 'அப்போகலிப்ஸ் வேர்ல்ட்' வேறொரு வழியைக் காட்டியது. இரண்டு சாதாரண ஆறு முகப் பகடைகள். கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் என்றால் முழு வெற்றி. 7 முதல் 9 வரை என்றால் வெற்றி உண்டு, ஆனால் ஒரு விலை கொடுக்க வேண்டும். 6 அல்லது அதற்குக் கீழே என்றால் சிக்கல். இரண்டு பகடைகள் விழக்கூடிய 36 விதங்களில் 15 இந்த நடுப்பகுதியில் விழுகின்றன. பாத்திரத்துக்குக் கூடுதல் எண் 1 இருந்தால் அது 16 ஆகிறது. ஏறத்தாழ ஐந்து உருட்டலுக்கு இரண்டு முறை, "முடிந்தது, ஆனால்..." என்று கதை திரும்பும் என்பது இதன் பொருள். கதை கேட்பவருக்கு "ஆனால்" என்ற சொல்லைவிட இனியது வேறு எது?

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இரண்டு பகடை முறையைத்தான் பரிந்துரைப்பேன். தாயமும் பரமபதமும் ஆடிய வீட்டில் யாருக்கும் அதை விளக்கவே வேண்டியதில்லை. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் வேண்டும் என்பவர்களுக்கும் தடை இல்லை. அதன் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டுவிட்டது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு அதன் விதிகளைத் தமிழாக்கிப் பயன்படுத்தலாம்.

மூன்றாம் படி: கதைக்கு ஒரு மண்

குள்ளர்களும் எல்ஃப்களும் உலவும் ஐரோப்பியக் காட்டைத் தமிழில் வருணிக்கத் தொடங்கினால் பத்தாவது நிமிடத்தில் நாக்கு வறண்டுவிடும். அந்த மரத்தின் பெயர் நமக்குத் தெரியாது, அந்தக் குளிர் நம் உடம்பில் இல்லை. கேட்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

நாங்கள் எடுத்துக்கொண்டது படாங் கதை. மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயுவில் வரும் அந்தப் பலசாலியோடு மோத, கலிங்க அரசன் தன் மல்லனை ஏழு கப்பல் நிறையச் சரக்கைப் பந்தயமாக வைத்துச் சிங்கப்பூருக்கு அனுப்புகிறான். படாங் ஒரு பெரும்பாறையைத் தூக்கி ஆற்றின் முகத்துவாரத்தை நோக்கி எறிகிறான். கலிங்க மல்லன் தோற்றுக் கப்பல்களை விட்டுவிட்டுப் போகிறான். கதை படாங்கோடு போய்விடும். எங்கள் கேள்வி வேறு: அந்த ஏழு கப்பல்களில் வந்த மாலுமிகள் என்ன ஆனார்கள்? தோற்றவனோடு வந்து, திரும்பிப் போக வழியில்லாமல் கரையில் நின்ற மூவர்தாம் எங்கள் பாத்திரங்கள்.

சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் எழுத்துப் பொறித்த ஒரு பெரிய பாறை உண்மையிலேயே இருந்தது. 1843இல் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். எஞ்சிய துண்டு ஒன்று தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதிலுள்ள எழுத்தை இன்றுவரை யாரும் முழுமையாகப் படித்துவிடவில்லை. எங்கள் ஆட்டக்காரர்கள் மூவரையும் ஒரு சனிக்கிழமை அங்கே அழைத்துப் போய் அந்தத் துண்டின் முன் நிறுத்தினேன். அடுத்த பதிவில் அவர்கள் அந்தக் கல்லைப் பற்றிப் பேசிய விதமே மாறியிருந்தது. "கரடுமுரடான பாறை" என்று யாரும் சொல்லவில்லை. ஒருவர், "மழையில் கரைந்த கையெழுத்து மாதிரி" என்றார்.

உங்கள் கதை இதுவாக இருக்க வேண்டியதில்லை. தேக்கா சந்தையில் ஒரு துப்பறியும் கதை, ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நள்ளிரவில் நடக்கும் பேய்க் கதை என எதுவும் ஆகலாம். ஆடுபவர்கள் மூக்கால் முகர்ந்த இடமாக இருக்கட்டும்.

ஒரு பொறுப்பும் இதோடு வருகிறது. இனமும் சமயமும் நெருக்கமாக வாழும் ஊர் இது. எதைக் கதைக்குள் கொண்டுவரக் கூடாது என்று முதல் நாளே பேசி எழுதி வையுங்கள். ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் வடிவமைத்த எக்ஸ் அட்டையை மேசை நடுவில் வைப்பது நல்லது. ஒரு காட்சி யாருக்காவது தாங்க முடியாததாகிவிட்டால் அட்டையைத் தொடுவார், காரணம் கேட்காமல் காட்சி மாறும். அந்த உறுதி இருந்தால்தான் ஆடுபவர்கள் மனத்தைத் திறந்து ஆடுவார்கள்.

நான்காம் படி: எந்தத் தமிழ்

இந்தப் படியில் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். ஆங்கில நிகழ்ச்சிகளுக்கு இல்லாத ஒரு செல்வம் நம் கையில் இருக்கிறது.

ஆங்கிலத்தில் ஆடுபவர், தான் பேசுகிறாரா, தன் பாத்திரம் பேசுகிறதா என்று காட்டக் குரலை மாற்ற வேண்டும். ஆளுக்கொரு உச்சரிப்பு, ஆளுக்கொரு கரகரப்பு. நமக்கு எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் தனித்தனியே இருக்கின்றன. எங்கள் மேசையில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பேசுவதும் விதிகளைப் பற்றிப் பேசுவதும் வீட்டில் பேசும் பேச்சுத் தமிழில். கதைநடத்துநரின் வருணனை எழுத்துத் தமிழில். பாத்திரங்களின் பேச்சு அவரவர் ஊருக்கும் நிலைக்கும் ஏற்ப. இப்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் முதல் இரண்டு சொற்களிலேயே நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிடும்: கதைக்குள்ளா, மேசையிலா.

அடுத்தது விளிச்சொற்கள். நீ, நீர், நீங்கள், தாங்கள் என நான்கு படிகள். அவற்றின்மேல் தம்பி, அக்கா, ஐயா, பெரியவரே என்று உறவும் மரியாதையும் ஏறி அமர்கின்றன. துறைமுக அதிகாரி எங்கள் மாலுமியிடம் எப்போதும் "நீர் எவ்வூர்? உம் தலைவன் யார்?" என்றே பேசுவார். படகுக்காரி அவனை "தம்பி" என்பாள். தழும்பு பற்றிய உண்மை வெளியான காட்சியில், அதுவரை "நீங்கள்" என்று பேசிவந்த தோழியின் பாத்திரம் அதிகாரியைப் பார்த்து, "நீ போட்ட விலங்குதானே இது?" என்றது. குரல் உயரவில்லை. "நீங்கள்" "நீ"யானது, அவ்வளவுதான். எனக்கு முதுகு சிலிர்த்தது. கதைநடத்துநரே, இந்த இடங்களில் குறுக்கே வந்து, "அவள் கோபத்தோடு சொல்கிறாள்" என்று விளக்காதீர்கள்.

பாத்திரங்களுக்குப் பெயர் வைக்கும்போது முதல் ஒலி வேறுபடட்டும். முத்து, முருகன், மூர்த்தி மூவரும் ஒரே கப்பலில் வந்தால் கேட்பவர் மூழ்கிவிடுவார். ஒரு காட்சி தொடங்கும்போது இருப்பவர் எல்லோர் பெயரையும் ஒரு முறை யாராவது சொல்லிவிட வேண்டும்.

ஆட்டச் சொற்களுக்கு ஒரு சிறு பட்டியல் போதும்: பகடை, உருட்டு, முறை, உயிர்ப்புள்ளி, காயம், கூடுதல். பத்துக்கு மேல் வேண்டாம். சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்கு எண்கள் ஆங்கிலத்திலேயே வாயில் வரும். "பதினேழு" என்று சொல்ல ஒருவர் திணறுவதைவிட அவர் வழக்கப்படி சொல்வது நல்லது. திணறலில் கதையின் மூச்சு நின்றுவிடும்.

ஐந்தாம் படி: ஒலி

எங்கள் முதல் பதிவை ஒரு கைப்பேசியை மேசை நடுவில் வைத்துச் செய்தோம். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கேட்டபோது விசிறி தெளிவாகவும் நாங்கள் மங்கலாகவும் இருந்தோம். நான்கு மணி நேர ஆட்டம் வீணானது.

ஆளுக்கொரு மைக் வேண்டும். அறையின் எதிரொலியைக் குறைவாக வாங்கும் டைனமிக் வகை மைக்தான் நம் வீடுகளுக்கு ஏற்றது. நான்கு மைக் செருகக்கூடிய ரெக்கார்டர் ஒன்றை வாங்கினால் ஒவ்வொரு குரலும் தனித் தடத்தில் பதிவாகும். இருமலை நீக்க, ஒன்றன்மேல் ஒன்று விழுந்த பேச்சைத் தணிக்க அது உதவும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி என்றால், ஒரு மைக்குக்கும் அடுத்ததற்கும் குறைந்தது மூன்று சாண். இந்த ஒன்றுக்கு மூன்று என்ற கணக்கு ஒலிப்பதிவுக்காரர்கள் எல்லோரும் அறிந்தது. பக்கத்து ஆளின் குரல் உங்கள் மைக்கில் கசிந்து குழப்புவதை அது தடுக்கும்.

வீவக வீட்டின் ஓசைகளுக்கு நேரம் பார்த்து அமர வேண்டும். கடும் ஓசை எழுப்பும் புதுப்பிப்பு வேலைகளுக்குச் சனி, ஞாயிறுகளில் அனுமதி இல்லை. எனவே வார இறுதி நல்லது. விடியற்காலையும் மாலையும் குயில்கள் கூவித் தீர்க்கும், ஆகவே பிற்பகல் இன்னும் நல்லது. சன்னலைச் சாத்துங்கள், திரைச்சீலையை இழுத்துவிடுங்கள், மேசைமேல் தடித்த போர்வையை விரியுங்கள். விசிறி, குளிர்சாதனம், குளிர்பதனப் பெட்டி மூன்றையும் நிறுத்துங்கள். வீட்டுச் சாவியைக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டால், கிளம்பும்போது அதை மீண்டும் போட மறக்கமாட்டீர்கள். இந்த ஊர்ப் புழுக்கத்தில் நாற்பது நிமிடத்துக்கு மேல் யாராலும் தாங்க முடியாது. ஆகவே நாற்பதுக்கு ஒரு முறை இடைவேளை, தண்ணீர்.

பதிவு தொடங்கியதும் ஒரு முறை கைதட்டுங்கள். தனித்தனிக் கருவிகளில் பதிவு செய்தால், தடங்களை ஒன்றாகப் பொருத்த அது அடையாளம். பிறகு அரை நிமிடம் எல்லோரும் பேசாமல் இருங்கள். அந்த வெற்று அறையின் ஒலி, வெட்டிய இடங்களை ஒட்டப் பின்னால் பயன்படும்.

ஆறாம் படி: கண்ணில்லாத விருந்தினருக்காக ஆடுவது

மேசையில் ஓர் இருக்கை காலியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதில் கேட்பவர் அமர்ந்திருக்கிறார். அவருக்குப் பார்வை இல்லை. வரைபடத்தில் விரலை வைத்து, "நான் இங்கே போகிறேன்" என்றால் அவருக்கு ஒன்றும் தெரியாது. விரல் காட்டியதை வாய் சொல்ல வேண்டும்: "கிணற்றுக்குப் பின்னால் போய் ஒளிகிறேன்." நாங்கள் வரைபடத்தையே எடுத்துவிட்டோம். இடங்களை நான் இரண்டு மூன்று புலன்களால் சொல்கிறேன்: கருவாட்டு வாசனை, காலடியில் வழுக்கும் பலகை, இடப்பக்கம் அலையின் ஓசை.

பகடை மேசையில் உருளும் ஓசை இனியது. ஆனால் வெறும் மரத்தில் அது மைக்கை அறையும். ஒரு தட்டில் துணி விரித்து உருட்டுங்கள். உருட்டும் முன் என்ன பணயம் என்று சொல்லுங்கள்: "ஏழுக்குக் கீழே போனால் காவலன் விழித்துவிடுவான்." பிறகு உருட்டுங்கள். ஓசை நிற்கும் வரை யாரும் பேசக் கூடாது. எண்ணை உருட்டியவரே சொல்லட்டும். பணயம் தெரியாமல் உருட்டும் பகடை கேட்பவருக்கு வெறும் கணக்கு.

சண்டையில் எண்ணைச் சொல்லிவிட்டு உடனே காட்சிக்குத் திரும்புங்கள். "எட்டு காயம்" என்பதோடு நின்றுவிடாமல், "துடுப்பு அவன் முழங்காலில் இறங்குகிறது, அவன் படிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறான்" என்று ஒரு வரி. ஒரு சண்டை பதினைந்து நிமிடத்துக்கு மேல் போனால், எதிரி ஓடட்டும், சரணடையட்டும், கூரை இடியட்டும்.

கதைநடத்துநர் ஒரு காட்சிக்கு ஒரு முறையாவது, பேசாமல் இருப்பவரைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். "இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் உனக்கு என்ன தோன்றுகிறது?" என்ற கேள்வி எப்போதும் வேலை செய்யும். 'ஃப்ரெண்ட்ஸ் அட் த டேபிள்' நிகழ்ச்சியில் ஆட்டக்காரர்கள் பாத்திரத்தைவிட்டு வெளியே வந்து, இந்தக் காட்சி எதைப் பற்றியது என்று வெளிப்படையாகவே பேசிக்கொள்வார்கள். நான் முதலில் அதைக் கதை உடைவதாக நினைத்தேன். பிறகு அந்தப் பேச்சுக்காகவே கேட்கத் தொடங்கினேன். கூடிச் சமைக்கும் அடுக்களையில் நின்று பார்க்கும் சுகம் அது.

ஏழாம் படி: வெட்டுவதும் விடுவதும்

'ஆடாசிட்டி' போன்ற இலவச மென்பொருள் போதும். விதிப் புத்தகத்தைப் புரட்டிய நேரம், ஒரே திட்டத்தை மூன்றாம் முறை பேசியது, கழிவறைக்குப் போனது, எல்லாவற்றையும் தயக்கமின்றி வெட்டுங்கள். நான்கு மணி நேரப் பதிவிலிருந்து எங்களுக்கு இரண்டு அத்தியாயங்கள்தாம் கிடைக்கும்.

வெட்டக் கூடாதவை சிரிப்பும் மௌனமும். அதிகாரி தோழியின் பாத்திரத்திடம், "உன் கூட்டாளிகளில் ஒருவனைக் காட்டிக்கொடு, மற்றவர் போகலாம்" என்று சொன்ன இடத்தில் பதிவில் ஏழு விநாடி ஒன்றுமில்லை. உற்றுக் கேட்டால் யாரோ கரண்டியைத் தட்டில் மெதுவாக வைக்கும் ஓசை; ஒரு மூச்சு. திரையில் அந்தத் தட்டையான கோட்டைப் பார்த்து, இரண்டு விநாடியாகச் சுருக்கக் கணினிச் சுட்டியை நகர்த்தினேன். சுருக்கிக் கேட்டேன். அவர் முன்பே முடிவெடுத்துவிட்டதுபோல ஒலித்தது. திரும்ப ஏழையும் வைத்தேன். ஒருவர் உண்மையாகவே யோசிக்கிறார், மற்ற மூவர் அவருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதைக் கேட்கும் வாய்ப்பு வானொலி நாடகத்தில்கூடக் கிடைக்காது.

மேலே விழுந்த பேச்சைப் பிரிக்கும்போது, "ம்", "ஐயோ" போன்ற சிறு ஒலிகளைத் துடைத்துவிடாதீர்கள். அளவைக் குறையுங்கள், ஆனால் இருக்கட்டும். உம் கொட்டுவதைத் துடைத்தால் மேசையே காலியாகிவிடும்.

இசை குறைவாக இருக்கட்டும். சொந்தமாக அமைத்ததோ, உரிமம் பெற்றதோ மட்டும். திரைப்படப் பாடலைத் தொடாதீர்கள். இறுதி ஒலி அளவை ஸ்டீரியோவில் மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (சராசரி ஒலியளவைக் குறிக்கும் அலகு) சுற்றி வையுங்கள், உச்சம் மைனஸ் 1 டெசிபெல்லைத் தாண்டாமல். கிசுகிசுப்புக்கும் கத்தலுக்கும் உள்ள இடைவெளியை மென்பொருளில் இருக்கும் கம்ப்ரசர் வசதியால் சுருக்குங்கள். எம்ஆர்டி சுரங்கத்துக்குள் ரயில் இரையும்போது உங்கள் பேய் கிசுகிசுப்பது காதில் விழ வேண்டும் அல்லவா?

எட்டாம் படி: நீளம், தொடக்கம், வெள்ளோட்டம்

'கிரிட்டிகல் ரோல்' ஓர் அத்தியாயம் மூன்று நான்கு மணி நேரம் போகும். அவர்களுக்கு அது சரி. புதிய குரல்களுக்கு இந்த ஊரில் முக்கால் மணி நேரம் பொருத்தம். உட்லண்ட்ஸில் ரயிலேறி ராஃபிள்ஸ் பிளேஸில் இறங்குபவருக்கு ஒரு அத்தியாயம் முடிந்திருக்கும். முதல் ஒரு நிமிடத்தில் நடந்த கதை, குரல்களின் அறிமுகம். அதை ஆட்டக்காரர்களே பாத்திரத்தின் வாயால் சொன்னால் இரண்டும் ஒன்றாக முடியும். விதிகளை விளக்கும் அரை மணி நேர முன்னுரை வேண்டாம். ஒரு பகடை உருளும்போது ஒரு வரியில் விளக்குங்கள், போதும். எட்டு அல்லது பத்து அத்தியாயங்களில் முடியும் கதையாகத் திட்டமிடுங்கள். அவற்றில் நான்கைப் பதிவு செய்து கையில் வைத்துக்கொண்ட பிறகே முதலாவதை வெளியிடுங்கள். பணி, தேசிய சேவைப் பயிற்சி, பிள்ளைகளின் தேர்வு என்று ஏதாவது ஒன்று எப்போதும் குறுக்கிடும்.

வெளியிடும் முன், இந்த ஆட்டமே தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள், அன்புள்ளவர்கள் "நன்றாக இருக்கிறது" என்றே சொல்வார்கள். அவர்கள் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுப் பாருங்கள். என் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே எங்கள் முதல் அத்தியாயத்தைக் கேட்டார். நான் எதிரே கடிகாரத்தோடு அமர்ந்து, அவர் கை நின்ற நேரத்தையெல்லாம் குறித்துக்கொண்டேன். முதல் பதினொரு நிமிடம் கை நிற்கவே இல்லை. கப்பல்களையும் பந்தயத்தையும் நான் அழகாக வருணித்த பகுதி அது. பன்னிரண்டாம் நிமிடத்தில், மாலுமிகளில் ஒருவன் தன்னிடமிருந்த கடைசி வெல்லக்கட்டியை மூன்றாக உடைக்கும்போது ஒரு முறை நின்றது. தழும்பைப் பற்றிய கேள்வியில் மீண்டும் நின்றது. அதற்கு நான் விடை சொல்லும் முன், கைப்பேசியைப் பார்த்து அம்மா, "விலங்குதான்" என்றார்.

பதினொரு நிமிட வருணனையை ஒன்றரை நிமிடமாக வெட்டினேன். அத்தியாயம் இப்போது வெல்லக்கட்டியிலிருந்து தொடங்குகிறது.